காசிராஜனுக்கு ஒரு வளைவு

எனக்கு ஜெபம் பண்ண வராது. இதை ஒளிக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சண்டை போடச் சொல்லுங்கள், பொழுது சாயும்வரை போடுவேன். போடி ஜீப் ஸ்டாண்டில் இந்த வெள்ளைத்துரை வாயைத் திறந்தால் டீக்கடைக்காரர் ரேடியோவை நிறுத்திவிடுவார். அதைவிட இது நன்றாக இருக்கிறது என்பார். ஆனால் கண்ணை மூடிக் கையைக் கூப்பினேன் என்றால் போச்சு. 'பிதாவே' என்று ஆரம்பித்து மூன்றாவது வார்த்தையில் குறட்டை வந்துவிடும். நாலரை மணிக்கு எழுந்து வண்டிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவனுக்கு வேறு என்ன வரும்? பக்கத்தில் என் மனைவி செல்லத்தாய் இருந்தால் கிள்ளுவாள். கிள்ளினால் எனக்குக் கோபம் வரும். கோபத்தோடு ஜெபம் பண்ணக்கூடாதாம். ஆக, போக்கும் இல்லை, வரத்தும் இல்லை.

இப்படி இருந்த என்னை எழுபத்தொன்பதாம் வருடத்து லெந்து நாட்கள், அதாவது ஈஸ்டருக்கு முந்திய நோன்பு நாட்கள், பிடித்து ஆட்டிவைத்தன. எங்கள் சபைப் போதகர் தேவகிருபை நல்ல மனிதர், குரல்தான் கொஞ்சம் கட்டை. லெந்து தொடங்குகிற சாம்பல் புதன் அன்று அவர் ஒன்று சொன்னார். இந்த நாற்பது நாளும் நம் வீடு, நம் பிள்ளை, நம் வயிற்றுவலி என்று எதையும் கேட்கக்கூடாது. மற்றவர்களுக்காக மட்டுமே கேட்க வேண்டும். நீட்டி முழக்க வேண்டாம். ஆளின் பேர், ஆளின் குறை, இரண்டையும் சொன்னால் போதும், மிச்சம் ஆண்டவருக்குத் தெரியும். சட்டி கழுவும்போது சொல்லலாம், கடைக்கு நடக்கும்போது சொல்லலாம்.

ஆராதனை முடிந்ததும் நான் நேரே அவரிடம் போனேன். நான் சட்டி கழுவுவதும் இல்லை, கடைக்குப் போவதும் இல்லை, எனக்குத் தெரிந்தது ஸ்டியரிங் ஒன்றுதான் என்றேன். அப்படியானால் ஓட்டும்போது சொல்லுங்கள் என்றார். கண்ணை மூட வேண்டுமா என்று கேட்டேன். மனிதர் பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டு, திறந்தே சொல்லுங்கள், நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு சொல்லுங்கள் என்றார்.

என் பிழைப்பு என்னவென்றால், காலையில் போடியிலிருந்து தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போவது, சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருவது. அடிவாரத்தில் முந்தல் ஊரைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கும். போடிமெட்டுவரை பதினேழு கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் எதிரே வருகிறவனுக்குக் கேட்கிற மாதிரி ஹாரனை அழுத்தித்தான் ஸ்டியரிங்கை ஒடிக்க வேண்டும். அடுத்த வளைவு வர இரண்டு மூன்று நிமிஷம் ஆகும். ஒரு நாள் ஹாரனை அழுத்தும்போதே எனக்குப் பளிச்சென்று தோன்றியது. வளைவுக்கு ஒரு ஆள். ஹாரனோடு ஒரு பேர், ஒரு குறை. பதினேழு வளைவுக்குப் பதினேழு பேர். தூங்கவும் முடியாது, தூங்கினால் பள்ளத்தில் கிடப்போம். ஆண்டவர் எனக்கென்றே ரோடு போட்டு வைத்திருக்கிறார் என்று அன்றைக்கு எனக்கு ஒரே சந்தோஷம்.

முதல் வளைவை செல்லத்தாய்க்குக் கொடுத்தேன். 'என்னோடு குடித்தனம் பண்ண அவளுக்குப் பொறுமையைக் கொடும்' என்று கேட்டேன். இது எனக்காகக் கேட்டதா அவளுக்காகக் கேட்டதா என்று இன்றுவரை தெரியவில்லை. இரண்டாவது, போதகரின் தொண்டைக்கு. இப்படியே தெரிந்தவர்களை ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டு போனேன். மனசுக்குள் சொன்னால் வரிசை மறந்துவிடுகிறது என்று வாய்க்குள் முணுமுணுக்க ஆரம்பித்தேன். அதுதான் தப்பாகப் போயிற்று.

முன் சீட்டில் எப்போதும் ஜக்கம்மாள்தான் உட்காருவாள். ஐம்பது வயசு, பாம்புச் செவி. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ நாலாவது வளைவில் நான் ஹாரனை அழுத்திவிட்டு 'ஜக்கம்மாள், முழங்கால்' என்றேன். அவ்வளவுதான். என் முழங்காலைப் பற்றி உனக்கென்ன பேச்சு, தலை நரைத்தவன் பேசுகிற பேச்சா இது, வண்டியை நிறுத்து என்று பிடித்துக்கொண்டாள். பின்னால் இருந்த பன்னிரண்டு பெண்களும் கழுத்தை நீட்டினார்கள். மானம் போகிற நிலைமை. நடந்ததை எல்லாம் சொல்ல வேண்டியதாயிற்று. லெந்து நாட்களில் இப்படி இப்படி, பேரும் குறையும் சொன்னால் போதுமாம், உன்னால் படி ஏற முடியவில்லையே என்று உன்னை நாலாவதில் வைத்தேன் என்றேன்.

ஜக்கம்மாள் கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஐந்தாவது வளைவு தாண்டியதும் மெதுவாக, "இடது முழங்காலுன்னு சொல்லுங்க. வலது நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

அதோடு என் நிம்மதி போயிற்று. மறுநாள் முதல் ஆளாளுக்கு வளைவு கேட்டார்கள். ராமுத்தாய்க்கு ஆறாவது, மகன் பட்டாளத்தில் இருக்கிறான், மூன்று மாதமாகக் கடுதாசி இல்லை. தோட்டத்து லயன் வீடுகளில் வளையல் விற்கப் போகிற மைதீன் பீவிக்கு ஒன்பதாவது. அவர் தங்கச்சிக்கு ரத்தச் சோகை. ஒன்பதில் பள்ளம் இருக்கிறது, வண்டி குதிக்கும்போது வளையல் உடைகிறது, எட்டாவதைக் கொடுங்கள் என்று அவர் மூன்று நாள் என்னோடு வாதாடினார். எட்டாவதுக்காரி விட்டுக்கொடுக்கவில்லை. எங்கள் சாமிக்குச் சொல்கிறேனே, உங்களுக்குச் சம்மதமா என்று நான் ஒரு வார்த்தை கேட்டேன். பீவி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நல்லது கேட்க வெட்கப்படுகிறவரை முதல் முதலாகப் பார்க்கிறேன் என்றார்.

கொஞ்ச நாளில் எனக்குச் சொல்கிற வேலையே இல்லாமல் போயிற்று. ஹாரன் அடித்தால் போதும், அந்த வளைவுக்காரியின் பேரையும் குறையையும் வண்டியே சேர்ந்து சொல்லும். அவரவர் சாமியை நினைத்துக்கொண்டுதான் சொல்லியிருப்பார்கள். நான் என் ஆண்டவரிடம் தள்ளிவிடுவேன். எதிரே வருகிற லோடு லாரிக்காரர்கள் எல்லாம் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். ராமுத்தாய் மகனின் கடுதாசி வந்த அன்று ஆறாவது வளைவில் போட்ட சத்தத்தில் ஒரு குரங்குக் கூட்டம் மரத்தை விட்டு ஓடியது. ஜக்கம்மாள் முழங்கால் மட்டும் அப்படியே இருந்தது. ஆனால் நாலாவது வளைவில் வலிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டாள். அந்த அளவுக்கு லாபம்தான் என்று நான் சொன்னதற்கு நறுக்கென்று தோளில் கிள்ளினாள்.

பதினாறு வளைவு நிரம்பிவிட்டது. பதினோராவதை மட்டும் நான் யாருக்கும் கொடுக்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் அங்கே ரோடு சரியில்லை என்று சொல்லித் தட்டிக்கழித்தேன். உண்மையான காரணம் காசிராஜன்.

காசிராஜனும் ஜீப் டிரைவர்தான். ஏலக்காய் மூட்டை ஏற்றுகிறவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில் அந்தப் பதினோராவது வளைவில் எதிரெதிரே மாட்டிக்கொண்டோம். நான் ஏறுகிறேன், அவன் இறங்குகிறான். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவன் வழி விட வேண்டும். இது மலையில் ஓட்டுகிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவன் நகரவில்லை. காய் நனைந்தால் முதலாளிக்கு நீயா பதில் சொல்வாய் என்றான். என் வண்டியில் பதினைந்து உயிர் இருக்கிறது, காய் பெரிதா என்றேன். அரை மணி நேரம். அவனுக்குப் பின்னால் பஸ் வந்து ஹாரன் அடித்து உயிரை எடுத்ததால் கடைசியில் நான்தான் ரிவர்ஸ் எடுத்தேன். மழையில் பின்னால் தெரியாமல் கைப்பிடிச் சுவரில் இடித்து என் பின்விளக்கு நொறுங்கியது. அதுகூடப் பரவாயில்லை. என்னைத் தாண்டிப் போகும்போது தலையை வெளியே நீட்டி ஒரு சிரிப்புச் சிரித்தான் பாருங்கள், அந்தச் சிரிப்பை நான் மறக்கவே இல்லை. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. ஸ்டாண்டில் அவன் டீ குடித்தால் நான் குடிக்க மாட்டேன்.

சத்துருவுக்காகவும் ஜெபம் பண்ண வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவன்தான். ஆனால் சத்துரு என்றால் ஏதோ ராஜா, படை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். காசிராஜனை அந்தக் கணக்கில் சேர்க்கலாம் என்று தோன்றவே இல்லை.

லெந்து பாதி தாண்டியபோது அந்த விபத்து நடந்தது. காசிராஜன் வண்டிக்கு அடியில் படுத்து ஸ்பிரிங் பட்டையைச் சம்மட்டியால் தட்டிக்கொண்டிருந்திருக்கிறான். இரும்புத் துணுக்கு ஒன்று தெறித்து வலது கண்ணில் ஏறிவிட்டது. இடது கண் சின்ன வயசில் அம்மை கண்டதிலேயே பாதி போய்விட்டது. வலது கண்ணை வைத்துத்தான் இத்தனை வருஷம் ஓட்டினான். மதுரைக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்து, துணுக்கை எடுத்து, இரண்டு கண்ணையும் கட்டிவிட்டார்கள். இருபதாம் நாள் கட்டைப் பிரிப்பார்களாம். அன்றைக்குத் தெரிந்தால் உண்டு, தெரியாவிட்டால் அவ்வளவுதான். லைசன்ஸ் போச்சு, வண்டி போச்சு, இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான் என்று ஸ்டாண்டே பேசியது. நான் டயரில் காற்று இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலையில் அவன் மனைவி பொன்னுமணி ஸ்டாண்டுக்கு வந்தாள். கையில் ஒரு பை, மதுரை பஸ்சுக்குப் போகிற அவசரம். என் வண்டியில் எல்லாரும் ஏறி உட்கார்ந்தாயிற்று, நான் சாவியைத் திருப்பப் போகிறேன். வந்து கதவுக்குப் பக்கத்தில் நின்றாள். எங்களுக்குள் பேச்சு இல்லை என்று அவளுக்கும் தெரியும்.

"அண்ணே, எங்க வீட்டுக்காரருக்கு ஒரு வளைவு குடுங்க" என்றாள்.

எல்லா வளைவும் நிரம்பிவிட்டதே தாயி என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் முன் சீட்டிலிருந்து ஜக்கம்மாள், பதினோராவது காலியாகத்தானே கிடக்கிறது, எழுதிக்கொள் பொன்னு, பதினோராவது உனக்கு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். பின்னாலிருந்து பன்னிரண்டு தலை ஆடியது. நான் என்ன செய்ய? தலையை ஆட்டி வைத்தேன். பொன்னுமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ்சுக்கு ஓடினாள்.

அன்றைக்குப் பதினோராவது வளைவில் ஹாரனை அழுத்தினேன். வாயைத் திறக்கவில்லை. வராது என்றால் வராதுதான். வண்டி கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தது. அப்புறம் ஜக்கம்மாள் என் மூஞ்சியை ஒரு பார்வை பார்த்துவிட்டு உரக்க, "காசிராசன், கண்ணு" என்றாள். பின்னால் எல்லாரும் சேர்ந்து 'காசிராசன், கண்ணு' என்றார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு வளைவை ஒடித்தேன்.

தினமும் இதே கதைதான். மற்ற பதினாறு வளைவிலும் நான் அவர்களோடு சேர்ந்து சொல்வேன். பதினோராவதில் ஹாரன் மட்டும் என்னுடையது, பேர் அவர்களுடையது. எனக்குக் குறுகுறுவென்றுதான் இருந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தால் குறுகுறுப்பு போய்விடும். ஹாரன் அடித்தேனே, அதுவே பெரிது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். இந்தச் சங்கதி எப்படியோ செல்லத்தாய் காதுக்குப் போய்விட்டது. சோற்றைப் போட்டுக்கொண்டே, "ஆரன் அடிச்சா மாடு ஒதுங்கும். ஆண்டவர் எதுக்கு ஒதுங்கணும்?" என்று கேட்டாள். ரசத்தைக் கொண்டா என்றேன். அவள் ரசம் ஊற்றவில்லை.

பத்தொன்பது நாள் இப்படிப் போயிற்று. இருபதாம் நாள், கட்டுப் பிரிக்கிற நாள், பெரிய வெள்ளிக்கு முந்திய செவ்வாய். அன்றைக்கே பங்குனி உத்திரமும் வந்து வாய்த்தது. எங்கள் வண்டிப் பெண்கள் எல்லாரும் லீவு போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டார்கள். மைதீன் பீவியோ திருவிழாக் கூட்டத்தில் வளையல் கடை விரிக்கப் போய்விட்டார். தோட்டத்தில் உரம் தீர்ந்துவிட்டது, வெரசாகக் கொண்டுவா என்று கங்காணி சொல்லி அனுப்பியிருந்ததால் நான் மட்டும் யூரியா மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மலை ஏறினேன்.

வண்டியில் யாருமில்லாமல் ஏறுவது எனக்குப் பழக்கமில்லை. முதல் வளைவில் செல்லத்தாய் பேரைச் சொன்னேன். நாலாவதில் ஜக்கம்மாள் இடது முழங்காலைச் சொன்னேன். ஒன்பதாவதில் பள்ளத்தில் வண்டி குதித்தது. வளையல் உடைந்தது என்று கத்த யாருமில்லை. பத்தாவதும் ஆயிற்று. பதினோராவது வந்தது. ஹாரனை அழுத்தினேன்.

சத்தம் எதிர்ப் பாறையில் பட்டுத் திரும்பியது. அப்புறம் ஒன்றும் இல்லை. ஜக்கம்மாள் இல்லை, ராமுத்தாய் இல்லை. அந்தப் பேரைச் சொல்ல அந்த வண்டியில் ஒரு ஆள் இல்லை. நான் வளைவை ஒடித்து மேலே ஏறிவிட்டேன்.

பன்னிரண்டாவது வளைவில் ஹாரன் அடித்தேன். அந்த வளைவுக்காரி பேர் வாயில் வரவில்லை. பதின்மூன்றிலும் வரவில்லை. மணி ஒன்பது இருக்கும். மதுரையில் இந்நேரம் அவனை நாற்காலியில் உட்கார வைத்திருப்பார்கள். கட்டைப் பிரிக்க ஆரம்பித்திருப்பார்கள். பொன்னுமணி பக்கத்தில் நின்றுகொண்டு, மலையில் பதினோராவது வளைவில் தன் புருஷன் பேரை இப்போது சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பாள். அட வெள்ளைத்துரை, நீயும் ஒரு மனுஷனா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

பதின்மூன்றுக்கு மேலே ரோடு கொஞ்சம் அகலமாக இருக்கும். உர மூட்டையோடு வண்டியை அங்கே நாலு தடவை முன்னும் பின்னும் எடுத்துத் திருப்பினேன். மறுபடி கீழே இறங்கிப் பதினோராவதுக்கு வந்து, ஓரம் கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு இறங்கி நின்றேன். கீழே போடி தெரிந்தது. திருவிழாக் கொட்டுச் சத்தம் காற்றில் வந்து வந்து போனது. கண்ணை மூடவில்லை. போதகர் திறந்து வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தாரே.

"ஆண்டவரே, காசிராசன். கண்ணு" என்றேன்.

பேரும் குறையும் ஆயிற்று. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வாய் திறந்துவிட்டது, என் வாய் திறந்தால் மூடாது.

"அவன் ஒரு மானங்கெட்ட பய. ஒமக்கே தெரியும். ஏறுற வண்டிக்கு வழி விட மாட்டான். ஆனா இந்த வளைவ அவன மாதிரி ஒரே ஒடியில ஒடிக்க போடியில ஆளு கெடையாது. எனக்கே ரெண்டு ஒடி வேணும். இத நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. ஒம்மகிட்டதான் சொல்றேன். அவன் கண்ணத் திருப்பிக் குடுத்துரும். அவன் பிள்ளைகளப் பாக்கணும். ரோட்டப் பாக்கணும். பாத்துட்டு வந்து என்கூடச் சண்ட போடணும். அவனும் இல்லாட்டி நான் யாருகூடப் போடுவேன்?"

சொல்லி முடித்தபோது என் சட்டை நனைந்திருந்தது. கத்தியிருக்கிறேன் போல. திரும்பிப் பார்த்தால் பின்னால் மூணாறு பஸ் நிற்கிறது, கண்டக்டர் இறங்கி வந்து என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். என்ன டிரைவரே, பிரேக் டவுனா என்று கேட்டார். ஒரு சின்னச் சோலி இருந்தது, முடிந்துவிட்டது, நீங்கள் போங்கள் என்றேன். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போனார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டு, வண்டியை மறுபடி மேலே பார்க்கத் திருப்பினேன். பதினோராவதிலிருந்து பதினேழுவரை அன்றைக்கு வண்டி ஏறிய மாதிரி என்றைக்கும் ஏறியதில்லை.

மறுநாள் புதன்கிழமை காலையில் மதுரையிலிருந்து வந்த முதல் பஸ்ஸிலேயே செய்தி வந்துவிட்டது. கட்டைப் பிரித்ததும் டாக்டர் விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டாராம். இவன் மூன்று என்றானாம். அப்புறம் அவனாகவே சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டி, அது போன மாதத் தாள், கிழிக்கவில்லையே என்றானாம். வந்த உடனே குற்றம் கண்டுபிடிக்கிறான் பாருங்கள், அதுதான் காசிராஜன். அன்றைக்கு எங்கள் வண்டியில் இருந்த சந்தோஷத்தை எழுத என்னால் ஆகாது. பதினோராவது வளைவில் ஜக்கம்மாள் என்னைக் கேட்காமல் ஹாரனை அவளே அழுத்தினாள். எல்லாரும் சேர்ந்து குலவை போட்டார்கள். மைதீன் பீவி ஆளுக்கு இரண்டு வளையல் சும்மா கொடுத்தார். எனக்கும் கொடுத்தார், செல்லத்தாய்க்கு என்று.

சனிக்கிழமை அவன் போடிக்கு வந்துவிட்டான். வண்டிப் பெண்கள் எல்லாரும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? ஈஸ்டர் ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் செல்லத்தாய் ஒரு தூக்குவாளியை என் கையில் திணித்தாள். முறுக்கும் அதிரசமும். வீட்டுக்குப் போகிற தெருவை விட்டுவிட்டு வேறு தெருவில் திரும்பி நடந்தாள். எங்கே போகிறோம் என்று நான் கேட்கவில்லை, தெரிந்துதான் பின்னால் போனேன்.

காசிராஜன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். மெலிந்து போயிருந்தான். பொன்னுமணிக்கு எங்களைப் பார்த்ததும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் பெண் பிள்ளைகள் தூக்குவாளியைத் திறந்து முறுக்கை எடுத்துவிட்டன. நாங்கள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, அவன் தரையைப் பார்க்க, நான் கூரையைப் பார்க்க, கொஞ்ச நேரம் போயிற்று. பொன்னுமணி காப்பியைக் கொடுத்துவிட்டுப் பெருமையாக அவனிடம் சொன்னாள், இருபது நாளும் விடாமல் இந்த அண்ணன்தான் உங்களுக்காக மலையில் கேட்டார் என்று.

சும்மா இருந்திருக்கலாம். அவள் சந்தோஷமாக இருக்கிறாள், ஈஸ்டர் நாள், அவனுக்கும் கண் வந்துவிட்டது. ஆனால் பொய்யை வைத்துக்கொண்டு என்னால் காப்பி குடிக்க முடியாது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லிவிட்டேன். இருபது நாள் இல்லையம்மா. பத்தொன்பது நாள் ஹாரன்தான் அடித்தேன். பேர் சொன்னதெல்லாம் ஜக்கம்மாளும் மற்றவர்களும். எனக்கு வாய் வரவில்லை. கடைசி நாள் வண்டியில் யாரும் இல்லை, அன்றைக்கு ஒரே ஒரு தடவை சொன்னேன்.

பொன்னுமணி முகத்தில் ஈயாடவில்லை. செல்லத்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். காசிராஜன் கண்ணாடியைக் கழற்றினான். வலது கண் மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்திருந்தது. அந்தக் கண்ணால் என்னை நேராகப் பார்த்தான்.

"அந்த ஒரு தடவ என்ன சொன்ன?" என்று கேட்டான். இரண்டு வருஷத்தில் அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

எல்லாவற்றையும் சொன்னேன். மானங்கெட்ட பய என்றதையும் சொன்னேன். வளைவை ஒடிப்பதைப் பற்றிச் சொன்னதையும், வேறு வழியில்லாமல், சொன்னேன். பிள்ளைகள் முறுக்கைக் கடிக்கிற சத்தம்தான் கேட்டது. அப்புறம் மெதுவாகச் சொன்னான்:

"அவளுக எல்லாரும் நல்லவளுக. யாருக்குன்னாலும் கேப்பாளுக. என்னக் கண்டா ஆகாத நீ ஒருத்தன் எனக்காகக் கேட்டிருக்க பாரு, அப்பத்தான் ஒங்க சாமி யாருடா அவன்னு நிமிந்து பாத்திருக்கும்."

சொல்லும்போதே அவன் குரல் உடைந்துவிட்டது. பொன்னுமணி பதறிப்போய் ஓடி வந்து, அழக்கூடாது, கண்ணில் தண்ணீர் விடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று அவன் முகத்தைப் பிடித்துக்கொண்டாள். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு ஓட்டுக்கூரையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் சேர்த்து நானே அழுதேன்.